கட்டம் போட்ட சட்டை

மைத்துனன் வர இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் கூடத்துச் சுவரில் தொங்கும் படத்திலிருந்து ஒரு சட்டையை அழித்தாக வேண்டும். நம்மவர் ரப்பரைத் தேடி எடுத்தார்.

அந்தச் சட்டை மைத்துனன் ஆசையாக எடுத்துக் கொடுத்தது. பெரிய பெரிய கட்டம். போட்டுக்கொண்டு கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். ஒரு நாள் மொட்டைமாடியிலிருந்து அதைச் சுருட்டி வீசிவிட்டு, "சலவைக்குப் போட்டேன், கடைக்காரன் தொலைச்சுட்டான்" என்று மனைவியிடம் கூசாமல் சொல்லிவிட்டார்.

மனிதர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். கண்ணில் பட்டதை விட்டுவிட்டு வரைய அவருக்குக் கை வராது. மறுவாரம் அதே மாடியில் உட்கார்ந்து பென்சிலால் ஊரை வரைந்தபோது கூரை, கம்பம், குழாய் என்று ஒன்றையும் விடவில்லை. தையல்கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் தொங்கிய துணியையும் கட்டம் கட்டமாக வரைந்து தள்ளினார். அவர் வரைந்ததிலேயே உருப்படியான படம் அதுதான். மனைவி பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டினாள். அது என்ன துணி என்பது இன்று காலைதான் அவருக்கு உறைத்தது.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ரப்பரால் தேய்த்தார். பென்சில் கறுப்பு அழியாமல் பரவியது. தொட்டி கறுத்தது. தையல்கடையும் கறுத்தது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"மேகம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு..."

"தையல்கடைக்குள்ளயா மேகம்?"

"மழைக்காலம்டி. தாழத்தான் இறங்கும்."

"சரி சரி, தம்பி வந்துட்டான் பாருங்க."

அவசரமாகப் படத்தைச் சட்டத்தில் செருகி மாட்டினார். மைத்துனன் நேராக அதன் முன்னால்தான் போய் நின்றான்.

"என்ன மாமா, ஊரே தீப்பிடிச்சு எரியுது?"

"அது மேகம் மாப்ளே!" போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தாயிற்று.

அப்போது மனைவி அவரை உள்ளே கூப்பிட்டாள். அவள் கையில் துவைத்துத் தேய்த்து மடித்த கட்டம் போட்ட சட்டை.

"இது... எப்படிடி..."

"படத்தை மாட்டின அன்னிக்கே பாத்துட்டேன். தையல்கடைக்குப் பின்னாடி, தொட்டி வச்ச வீடு. அவ்வளவு சுத்தமா வரைஞ்சிருந்தீங்க, தேட வேண்டியதே இல்லாம போச்சு. நேரா போய்க் கேட்டேன், எடுத்துக் குடுத்துட்டாங்க."

அவர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். அருமையான படம், வீணாகப் போய்விட்டது.

"தம்பி காத்திருக்கான், சீக்கிரம் போட்டுக்குங்க" என்று சட்டையை நீட்டினாள். "அவன் போனதும் கண்ணாடி முன்னாடி நின்னு, அழிச்சதை மறுபடி வரைஞ்சுடுங்க. ஒரு கட்டம்கூடக் குறையக் கூடாது."