இணைப்பு: அனுமதிச் சீட்டு (அசல்)

‘முன்பதிவு செய்தவரும் உடன் வரும் ஒருவரும் ஒரே சீட்டில் அனுமதிக்கப்படுவர்.’ சீட்டின் பின்புறம், விதி நான்கு. நான் எழுதியதல்ல, சீட்டைக் கொடுத்த ஆய்வு நிறுவனமே அச்சடித்தது. இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்று அளக்கப் புத்தாண்டு காலையில் ஒரு செயற்கைக்கோளை ஏவினார்களே, அதைப் பற்றி அடுத்த மாதம் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு. என் மனைவி வசந்தா ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. ஒளி ஒரே தளத்தில் அதிரும் தளவிளைவை இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்கே வைத்துக் காட்டுவாள். “எக்ஸ்ரே அதுல பூந்து போயிடுமே மிஸ், அப்ப எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்று ஒரு மாணவி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டாள். அதைக் கேட்கத்தான் மல்லேஸ்வரத்திலிருந்து கிளம்பினோம்.

சீட்டு அவள் பெயரில். உடன் வரும் ஒருவர் நான்.

வாசல் காவலர் தர்மபுரிக்காரர். “மேடம் போலாம். உங்களுக்குத் தனிச் சீட்டு வேணும் சார்.”

“விதி நாலு படிச்சீங்களா?”

“அதெல்லாம் எதுக்கு சார்? தண்ணி கேன் போட வந்தேன்னு இந்த நோட்டுல எழுதிட்டு உள்ள போங்க.”

பொய்ப் பதிவைப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய தணிக்கைக்காரனிடம் இப்படி ஒரு யோசனை!

“ஏங்க, நான் மட்டும் போய்க் கேட்டுட்டு வந்துடறேனே” என்றாள் வசந்தா.

“நில்லு. இது நம்ம உரிமை.”

வரவேற்பறையில் நின்றபடியே புகார் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. கடைசி வரி: ‘இணைப்பு: அனுமதிச் சீட்டு (அசல்)’. சீட்டை அதோடு சேர்த்துப் பின் அடித்து நீட்டினேன். “நோடோணா சார்” என்று ஓர் அதிகாரி அதை மாடிக்குக் கொண்டுபோனார். (கன்னடத்தில் ‘பார்க்கலாம்’ என்று பொருள். பார்த்ததாகச் சரித்திரமில்லை.)

“சரி, நீங்களாவது போங்க மேடம். சீட்டு?” என்றார் காவலர்.

அசலை இணைக்காதே, நகலை இணை என்று எத்தனை குமாஸ்தாக்களை அழவைத்திருப்பேன்!

“சீட்டு இல்லாமலே விடுங்களேன்” என்று முனகினேன்.

“நீங்கதான சார் ரூலு ரூலுன்னீங்க? எழுதி வேற குடுத்துட்டீங்க. என் வேலை போயிடும்.”

உள்ளே கைதட்டினார்கள். நாங்கள் ஆட்டோ பிடித்தோம்.

ஆட்டோவில் வசந்தா அந்தச் சொற்பொழிவு நடத்தும் விஞ்ஞானிக்குக் கைப்பேசியிலேயே மின்னஞ்சல் அனுப்பினாள். அன்று மாலையே பதில் வந்தது. உரக்கப் படித்தாள். “நடுவுல லேசான உலோகத் துண்டு ஒண்ணு வச்சிருக்காங்களாம். அதுல பட்டு எக்ஸ்ரே சிதறும். எந்தப் பக்கம் அதிகமா சிதறுதுன்னு சுத்தி இருக்கற கருவிங்க எண்ணுமாம். செயற்கைக்கோள் தன்னைத்தானே சுத்திக்கிட்டே இருக்குமாம்.” நிமிர்ந்து பார்த்தாள். “உங்கள மாதிரி.”

இன்றும் நான் எங்கே கிளம்பினாலும் மகள் கேட்கிறாள்: “அப்பா, ஒரிஜினலை இணைச்சாச்சா?”

எத்தனையோ ஆயிரம் ஆண்டு பயணம் செய்து வந்த கதிரை அளந்துவிட்டார்கள். என் புகாருக்கு மட்டும் மாடியிலிருந்து இறங்க வழி தெரியவில்லை. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். கடைசியில் வந்தது பதில்: ‘விதி நான்கின்படி தாங்கள் இருவரும் மேற்படி சொற்பொழிவுக்கு வரலாம். அசல் இணைக்கப்பட்டுள்ளது.’

வந்து சேர்ந்த தேதி ஜனவரி ஒன்று. செயற்கைக்கோள் ஏறிய அதே தேதிதான், வருடம்தான் அடுத்தது.