டயருக்கு ஒரு பங்கு

பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குப் பயம் வருவதால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவர்களுக்கு யோசனை வரும்போதுதான் ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2008 பொங்கலுக்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கயலுக்கு அப்போது ஒன்றரை வயது. மூச்சு இழுப்பு உண்டு. முந்தைய வருடம் போகியன்று விடிவதற்குள் கடலூரில் எங்கள் செம்மண்டலம் தெருவில் ஆளாளுக்கு டயர் கொளுத்தினார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தும் கறுப்புப் புகை உள்ளே வந்துவிட்டது. கைக்குழந்தைக்கு நெஞ்சுக்குழி உள்வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தச் சின்ன முகத்தை முழுசாக மூடிய ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய ஒவ்வொரு மூச்சுக்கும் சேர்த்து நானும் ஒரு மூச்சு விட்டேன். இந்த வருடம் போகியை அவள் மூச்சு முட்டாமல் தாண்ட வேண்டும். வேறு வேண்டுதலே எனக்கு இல்லை.

சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று போன் செய்தேன்.

"தாராளமா வா. நம்ம தெருவுல இந்த வருசம் லாரி டயராம். பசங்க இப்பவே உருட்டினு வந்து வெச்சிருக்கானுங்க" என்றாள் அம்மா, தெருவுக்குத் தேர் வரப்போகிற பெருமையுடன்.

அந்த வாரம்தான் கனடாவில் இருக்கும் என் கல்லூரித் தோழி பேசினாள். காருக்குப் புது டயர் போட்டாளாம். டயர் விலை போக, அது தேய்ந்தபின் அதைக் கரையேற்றுவதற்கும் கடையிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டார்களாம். ஒவ்வொரு மாகாணத்தில் ஒவ்வொரு தொகையாம். பழைய டயரையெல்லாம் தேங்காய்ப்பூ மாதிரித் துருவி, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தரையாகப் போடுகிறார்களாம். குழந்தை விழுந்தாலும் அடிபடாதாம்.

போனை வைத்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். தன் ஈமச்செலவைத் தானே கட்டிவிட்டுக் கடையை விட்டு இறங்கும் டயர்! (நம் ஊரில் மனிதர்களே அந்த ஏற்பாடு செய்துகொள்வதில்லை.) அங்கே குழந்தையைத் தாங்குகிற அதே பொருள்தான் இங்கே என் குழந்தையின் மூச்சை அடைக்கிறது. அப்படியானால் கோளாறு டயரிடம் இல்லை, ஏற்பாட்டில்தான். செம்மண்டலத்தில் ஏற்பாடு செய்ய ஆள் இல்லை. நான் இருந்தேன்.

எதிர்வீட்டு சதீஷ்தான் தெருப் பையன்களுக்குத் தலைவன். அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, போகிக்கு வெச்சிருக்கற டயர எங்கிட்ட குடுத்துடுங்க. ஒரு டயருக்குப் பத்து ரூபா தர்றேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னாக்கா, நீங்க தனியா கொளுத்தப் போறீங்களா?"

"இல்லடா, பாப்பாவுக்குப் புகை ஆகாது."

"எத்தினி டயர் வாங்குவீங்க?"

"எத்தனை இருந்தாலும்."

படித்த பெண் சொல்லக் கூடாத இரண்டு வார்த்தை அவை. தெருவில் இருந்தது ஏழெட்டு டயர். அவை அன்று மாலையே வந்துவிட்டன. மறுநாள் பக்கத்துத் தெரு டயர்கள் வந்தன. அதற்கு மறுநாள் மஞ்சக்குப்பத்திலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் முன்பின் தெரியாத பையன்கள் "டயர் அக்கா வீடு இதான?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சைக்கிள் டயர், ஸ்கூட்டர் டயர், ஐந்து பேர் சேர்ந்து உருட்டி வந்த பஸ் டயர். ஒருவன் ஒரே டயரை இரண்டாக அறுத்துக்கொண்டு வந்து இரண்டு கட்டணம் கேட்டான். (கொடுத்தேன். கனடாவில் இதற்கு என்ன விதி என்று தெரியவில்லை.) பின்பக்கம் எங்கள் படுக்கையறை ஜன்னல் உயரத்துக்குக் குவியல் எழுந்தது. பயத்தையும் மீறி எனக்கு வியப்பாக இருந்தது. இந்தச் சின்ன ஊர் இத்தனை டயரை எங்கேதான் ஒளித்துவைத்திருந்தது?

என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தார். "இது வீடா, பஸ் டிப்போவா?" என்றார். அவ்வளவுதான். பிறகு சாப்பிடும்போதெல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

குவியலைக் குறைக்க முயற்சி செய்யாமல் இல்லை. அவரோடு வேலை பார்க்கும் திட்டக்குடிக்காரர் ஒரு லாரி டயரை ஆசையோடு எடுத்துப் போனார். அவர்கள் பக்கத்தில் அதை அறுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி ஆக்கிவிடுவார்களாம். பழைய இரும்புக்காரர் மொத்தத்தையும் கேட்டார். எதற்கு என்று விசாரித்தேன்.

"செங்கல் சூளைக்கும்மா. சும்மா கபகபன்னு எரியும்."

சூளைப் பக்கத்திலும் யாராவது ஒரு கைக்குழந்தை இருக்கும். மாட்டேன் என்றேன். போகும்போது அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது.

போகிக்கு முதல் நாள் மதியம் மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் இறங்கி வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சுத்த சைவம். வீட்டுக்குள் கவிச்சி நுழையக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் எங்களுக்கு வீடு கொடுத்தவர். (கடலோரக் கிராமத்தில் பிறந்த என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி பக்கம் என்பதற்காகக் கண்ணீரை விழுங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.) ஓனர் குவியலைச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, நாளைக்கு விடியக்காலம் ஊரே கொளுத்தும். காத்துல ஒரு பொறி பறந்து இங்க வந்து விழுந்தா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் பத்து இடத்தில் எரிய வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கி, என் குழந்தையின் தொட்டிலை ஒட்டிய ஜன்னலடியில் அடுக்கிவைத்திருக்கிறேன். கடலூரிலேயே பெரிய போகிக்கு எல்லாம் தயார். தீக்குச்சிதான் பாக்கி.

கடவுள் அன்று சாயங்காலம் லோடு ஆட்டோவில் வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான், நான் மாமா என்று கூப்பிடுபவர். கிராமத்திலிருந்து பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு வந்திருந்தார். பின்பக்கம் கைகால் கழுவப் போனவர் கழுவாமலே திரும்பி வந்தார்.

"ஏம்மா, இது அத்தினியும் நம்மளுதா?"

"ஆமாம் மாமா" என்றேன், அழுகிற குரலில்.

"அடேங்கப்பா! துறைமுகத்துல ஒரு டயருக்கு அடிதடி நடக்குது. சுனாமிக்கப்பறம் படகு ஜாஸ்தி ஆயிடுச்சு, பக்கவாட்டுல கட்ட டயர் இல்ல. படகும் படகும் மோதி ஒடையுது. நீ இன்னாடான்னா புதையல் மேல உக்காந்துனு அழுவுற!"

"எடுத்துட்டுப் போயிடுங்க மாமா. டயர்னு எது கண்ணுல பட்டாலும் எடுத்துடுங்க. ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

தெளிவாகத்தான் சொன்னேன். மாமாவும் சொன்னதைச் செய்பவர். மூன்று நடை அடித்து வீட்டைத் துடைத்துவிட்டார்.

போகி விடிந்தது. பையன்கள் மேளம் அடித்தார்கள். பழைய பாய், துடைப்பம், கிழிந்த கூடை எரிந்தன. மெல்லிசாக ஒரு வெள்ளைப் புகை எழுந்து, தென்னைக்கு மேலே போய்க் கரைந்தது. கயலின் மார்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இழுப்பு இல்லை, விசில் சத்தம் இல்லை. காற்று உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. உலகத்தில் இதைவிட ஆச்சரியமான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

பொங்கலன்று காலை மாடிப்படிக்குக் கீழிருந்து ஓனர் அலறினார். "என் டயர் எங்க?"

அவருடைய ஸ்கூட்டருக்கென்று வாங்கி, ஒருநாள்கூட ஓடாத புது டயர் ஒன்று மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பார். ஏழு வருடமாகத் துடைக்கிறார். டயர் என்று மாமாவின் கண்ணில் அதுவும் பட்டிருக்கிறது.

வேறு புது டயர் வாங்கித் தருகிறோம் என்றோம். கேட்கவில்லை. "எனக்கு அந்த டயர்தான் வேணும். இல்லன்னா வீட்டக் காலி பண்ணுங்க." மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு எங்களோடு துறைமுகத்துக்குக் கிளம்பினார். கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு, இனி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யார் வீடு தருவார்கள் என்று வழியெல்லாம் மனசுக்குள் தேடிக்கொண்டே போனேன்.

அங்கே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரை பொங்கலுக்குக் கழுவிவிட்ட படகுகள். ஒவ்வொன்றின் விலாவிலும் வரிசையாக டயர்கள், மஞ்சள் குங்குமத்தோடு. அலை வந்து படகோடு படகைத் தள்ளும்போது டயர்கள் நசுங்கி மூச்சை விட்டன. விலகும்போது மறுபடி உப்பின. என் ஜன்னலடியில் பூதம் மாதிரி இருந்தவை, அத்தனை படகின் அடியையும் தாங்கள் வாங்கிக்கொண்டிருந்தன. பெரிய பெரிய லாரி டயர்களுக்கு நடுவே, மாமாவின் ஃபைபர் படகின் முன்பக்கம், பொடிப்பயல் மாதிரி பளபளவென்று ஒரு ஸ்கூட்டர் டயர்.

மாமா கும்பிட்டார். "கட்டிப் படையல் போட்டாச்சு சார். இனிமே அவுக்கக் கூடாது. ஆனா ஏமாத்த மாட்டோம். எங்கள்ல படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு. பொருள் போட்டவருக்குப் பங்கு குடுக்கலன்னா கடல் பொறுக்காது. ஒங்க டயருக்கும் உண்டு."

"பங்குன்னா?"

"மீனுதான் சார்."

"யோவ், நான் சைவம்யா!"

"பங்குக்கு அது தெரியாதே சார்."

ஓனர் படகின் பக்கம் திரும்பினார். பக்கத்துப் படகு வந்து இடித்தது. அவருடைய டயர் நசுங்கியது, நிமிர்ந்தது. மூக்கிலிருந்த துண்டு தானாக இறங்கியது. "ஏழு வருசம் சும்மா தொங்குச்சு. இப்ப பாரு, வேலைக்குப் போயிடுச்சு" என்று மெதுவாகச் சொன்னார். காலி செய்யும் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

வாரா வாரம் பங்கு வந்தது. ஒரு பை மீனை வைத்துக்கொண்டு சைவக்காரர் என்ன செய்வார்? எங்களுக்குக் கொடுத்தார். (நிபந்தனை மூன்றாவது வாரமே செத்தது. என் வீட்டுக்காரர் மறுபடி கண்ணீரை விழுங்கினார், இந்த முறை குழம்போடு.) எங்களால் தின்று தீரவில்லை. அடுத்த போகிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஓனர் தாமே தெருவில் இறங்கி அறிவித்துவிட்டார்: போகிக்கு எரிக்க வைத்திருக்கும் டயரைக் கொண்டுவந்தால் ஒரு கூறு மீன். நான் காசு கொடுத்தபோது பையன்கள்தான் வந்தார்கள். மீன் என்றதும் அவர்களுடைய அம்மாக்கள் வந்தார்கள். வந்த டயர்கள் மாமாவோடு துறைமுகத்துக்குப் போயின. அன்றிலிருந்து எங்கள் தெருவில் போகிக்கு டயர் எரிந்ததே இல்லை.

கயல் இப்போது ஒன்றாம் வகுப்பு. போகியன்று மேளத்தை அடித்துக்கொண்டு அவள்தான் தெருவில் முதலில் ஓடுகிறாள், இரைக்காமல். பள்ளிக்கூடத்தில் அக்கம்பக்கத்தார் என்ன வேலை செய்கிறார்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க மாடி வீட்டுத் தாத்தா மீன் விக்கறாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் இப்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தி முடிவதில்லை.

கயல் அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்றே, பதறிப்போய் ஓனரிடம் மன்னிப்புக் கேட்க ஓடினேன். ஓனர் கேட்டருகில் நின்றுகொண்டு, ஒரு அம்மாள் கொண்டுவந்த டயரின் மேடுபள்ளங்களைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இதுல இன்னும் பட்டன் இருக்குதேம்மா. ஒங்க வீட்டுக்காரர ஆறு மாசம் ஓட்டச் சொல்லு. நல்லா மொட்டையான அப்பறம் எடுத்துனு வா" என்று டயரைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதுவரைக்கும் மீன் இருக்குமா சார்?"

"எங்க போயிடப் போவுது? கடல்லதான இருக்குது" என்றார் ஓனர், முதலாளி தோரணையில்.