அரை இஞ்ச் குறையும்

அடுத்து என்ன போன் வரப்போகிறது என்பது அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கே தெரிவதற்கு முன்னால் ஒருவருக்குத் தெரியும். அவர் தினமும் காலையில் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் போகும் எங்கள் ரயிலில் ஏறுவார். அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்கள் பெட்டியில் அவர் 'அரை இஞ்ச்'. அங்கே தச்சு வேலை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் இஞ்ச் டேப் வைத்திருப்பார்.

அறிமுகமான முதல் நாளே என் போனைப் பிடுங்கி அளந்தார். ஊரில் பாதிப் பேர் தவணையில் வாங்கி வைத்திருந்த அதே போன்தான்.

"இன்னா சார் இது, செங்கல்லா? இதுலயே சின்னது வரும். அகலத்துல அரை இஞ்ச் குறையும். விலையும் பாதிதான். வெயிட் பண்ணியிருக்கலாம்ல?"

"யாருண்ணா சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? பெரிய பீரோ செஞ்சா, மிச்சப் பலகையில சின்ன பீரோ செய்யறோமா இல்லியா? அவனும் அதத்தான் செய்வான்."



அந்தச் சின்ன போன் அவருக்கு இல்லை, மனைவி சரோஜாக்காவுக்கு. பக்கவாதத்தில் போன பேச்சும் நடையும் திரும்பிவிட்டன, வலது கை மட்டும் திரும்பவில்லை. பெரிய போன் இடது கையில் நிற்காமல் இரண்டு முறை அவர் மூக்கின் மேலேயே விழுந்திருக்கிறது. அதனால் புனேவில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசும்போது இவர்தான் போனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா பிடித்திருக்கிற போனில் எந்த மகள் மாமியாரைப் பற்றிப் பேசுவாள்? "நல்லாருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

"பொண்ணு மூஞ்சி நல்லால்ல சார். என்னமோ இருக்குது. நான் இருக்கறதால சொல்ல மாட்டேங்கறா. இவ நாள்பூரா அதே ரோசனையா இருக்கா."

"ஒரு ஸ்டாண்டு வாங்கி வைங்கண்ணா."

"அவ நடந்துகினே பேசறவ சார். ஸ்டாண்டு கூடவே நடக்குமா?"

கடைகளில் சின்னதாக இருந்தது மலிவாக இல்லை, மலிவாக இருந்தது சின்னதாக இல்லை. ஆகவே, வரப்போகும் போனின் அளவில் ஒரு பிளைவுட் துண்டை அறுத்து, இழைத்து, மூலைகளை உருட்டி மனைவியிடம் கொடுத்தார். கை பழகட்டுமே என்று. சரோஜாக்காவும் இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்.

விஷயம் தெரிந்ததும் பெட்டியில் ஆளுக்கொன்று கேட்டோம். சளைக்காமல் அறுத்துக் கொடுத்தார். அதுவரை கைக்குட்டை போட்டு இடம் பிடித்த நாங்கள் பிளைவுட் போன் வைத்து இடம் பிடிக்க ஆரம்பித்தோம். ஒருநாள் பங்காருபேட்டையில் புதிதாக ஏறிய ஒரு நல்லவர், போன் கவர் போட்டிருந்த பிளைவுட்டைப் பார்த்து, யாரோ போனை மறந்துவிட்டதாக நினைத்து அதை ஸ்டேஷன் போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மீட்கப் போனார் அரை இஞ்ச். துணைக்கு நான்.

கவரைத் திறக்காமலே காவலர் எழுத உட்கார்ந்தார். "இன்னா மாடல்?"

"அடுத்த வருஷம் வர்றது சார்."

"ஆன் பண்ணிக் காட்டு."

"இன்னும் வரலியே சார்!"

எங்கள் இருவருக்கும் அரை நாள் லீவு போயிற்று.

அடுத்த வருஷம் வந்தது, போன் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் புதிதாக ஒன்று வந்தது, முன்னதைவிடப் பெரியதாக. பெட்டியே சிரித்தது. அன்றைக்கு அவர் டேப்பை வெளியே எடுக்கவில்லை. "வராதோ சார்?" என்று மெதுவாகக் கேட்டார். 

"வரும்ணா. அரை இஞ்ச் குறையும்" என்றேன். வாய்க்கு வந்த பொய்தான்.

பொய் பலித்துவிட்டது. ஆறே மாதத்தில் அதே போனில் சின்னது, மலிவானது வந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டைக் கடைக்குப் பெட்டியே கிளம்பிப் போனோம். சரோஜாக்கா கையில் பிளைவுட் இருந்தது, பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போய். அரை இஞ்ச் புதுப் போனை மேசையில் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். முகம் தொங்கிவிட்டது.

"கால் இஞ்ச்தான் கொறைஞ்சிருக்குது. உள்ள வைப்பா. அடுத்ததுல சரியா வரும், வெயிட் பண்ணலாம்."

"நீங்க வெயிட் பண்ணுங்க" என்றார் சரோஜாக்கா. "நான் பொண்ணாண்ட பேசணும்."

கடைக்காரர் சிம்மை மாற்றிப் போட்டதும் இடது கையால் எடுத்தார். இரண்டரை வருஷம் பிளைவுட் பிடித்த கை. போன் அசையவில்லை. கட்டைவிரலாலேயே மகளைக் கூப்பிட்டுவிட்டு வெளியே நடந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டுக்கொண்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தார். இருபது நிமிஷமாகியும் உள்ளே வரவில்லை.

"என் காதுல ஒண்ணும் வுழல. உங்களுக்கு எதுனா கேக்குதா சார்?"

"கேக்கலண்ணா."

"நல்லது சார்" என்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

என் போனின் கண்ணாடி இப்போது நான்காக உடைந்திருக்கிறது. வீட்டில் திட்டுகிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை. மிச்சமிருக்கும் கால் இஞ்சும் அடுத்ததில் குறையும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் எனக்குப் போதும்.