கோழி ஏன் சிரிக்கவில்லை என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே நலமில்லை. உங்கள் நலத்தை அறிவதிலும் இன்றைக்கு எனக்கு ஆவலில்லை. பண்ணைக் கருவிகள் கண்காட்சிக்கு வெளியூர் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பியிருக்கிறீர்கள், சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் அத்தை தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். அதை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளவும். மற்றதெல்லாம் என்னுடையது.

இன்று காலை என் கைப்பேசியில் உங்கள் குரல் வந்தது. “மாமா, என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க? ரோட்டுல போறவன் எல்லாம் வண்டிய நிறுத்திப் பாக்கறான். கோழி ஏன் மாமா சிரிக்கல?” என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. சற்று நீளமாகவே சொல்கிறேன், கையைக் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு அதற்கு இடம் இருக்கிறது.

முதலில் இது யார் வினை என்று பார்ப்போம். போன மாதம் என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “மாமா, சும்மாதானே இருக்கீங்க, நம்ம பண்ணைச் சுவத்துல ஒரு கோழி வரைஞ்சு குடுங்களேன்” என்று சொன்னது நீங்கள். பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க ஓவிய ஆசிரியராக இருந்தவனைப் பார்த்துச் ‘சும்மா’ என்றீர்கள். மாப்பிள்ளை வாயிலிருந்து வந்ததாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பச்சைப் புல், மஞ்சள் சூரியன், நடுவில் ஒரு கோழி, அது கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு சிரிக்க வேண்டும், கீழே ‘சந்தோஷக் கோழி, சத்தான முட்டை’ என்று எழுத வேண்டும் என்றீர்கள். கோழிக்குக் கட்டைவிரல் கிடையாது என்றேன். “நீங்க வரைஞ்சா வந்துடும் மாமா” என்றீர்கள். அதில் நான் கொஞ்சம் மயங்கிப்போனது உண்மை. ஆனால் எதையும் நேரில் பார்க்காமல் நான் வரைந்ததில்லை, பிள்ளைகளை வரைய விட்டதுமில்லை. ஆகவே உங்கள் பண்ணைக் கோழி ஒன்றைப் பார்த்துத்தான் வரைவேன் என்றேன். நீங்கள் ஊருக்குப் போகிற அவசரத்தில், “மேனேஜர்கிட்ட சொல்லிடறேன், போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த பெரிய பிசகு அதுதான்.

உங்கள் மேனேஜருக்கு அவர் பெற்றோர் என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. நான் அவருக்குப் ‘பிரச்சனையில்லை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். வாசலிலேயே என்னை நிறுத்தி, தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பு, காலுக்கு ரப்பர் பூட்ஸ், தலைக்கு ஒரு தொப்பி எல்லாம் மாட்டிவிட்டார். எதற்கு என்றேன். “உங்ககிட்டேருந்து கிருமி ஏதாவது கோழிக்கு ஒட்டிக்கக் கூடாது சார்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடடா, என் மாப்பிள்ளை கோழிகளை எப்படித் தாங்குகிறார், என் மகளைத் தாங்குவதற்குக் கேட்கவே வேண்டாம் என்று பூரித்துப்போனேன். அப்புறம் கொட்டகைக் கதவைத் திறந்தார். மறுபடியும் கண் கலங்கியது. இந்த முறை காரணம் வேறு. அந்த எச்சத்தின் நெடி மூக்கில் ஏறவில்லை மாப்பிள்ளை, நேராகக் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம். அவை எங்கே ஓடும்?

கண் தெளிந்ததும் பார்த்தேன். கம்பிக் கூண்டுக்கு மேல் கம்பிக் கூண்டு, அதற்கு மேல் இன்னொன்று, கொட்டகையின் மறுகோடி தெரியாத அளவுக்கு வரிசை. ஒவ்வொரு கூண்டிலும் கோழிகளைத் திணித்து வைத்திருக்கிறீர்கள். நான் கையில் வைத்திருந்த வரைதாளில் ஒரு கோழியை நிற்க வைத்தால், அது தன் வாழ்நாளிலேயே பார்க்காத விசாலமாக இருக்கும். காலுக்குக் கீழேயும் கம்பிதான். சில கோழிகளின் நகம் வளர்ந்து அந்தக் கம்பியையே சுற்றிக்கொண்டிருந்தது. சரி, முதலில் இறக்கையை வரைவோம், ஏதாவது ஒன்று இறக்கையை விரிக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், காலை முழுக்க உட்கார்ந்தேன். கடைசியில் பிரச்சனையில்லை வந்து, “என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார். இறக்கையை விரிக்கட்டும் என்று காத்திருக்கிறேன் என்றேன். “அது விரிக்காது சார். இடம் ஏது? பிரச்சனை இல்லை, நீங்க உத்தேசமா வரைஞ்சுக்குங்க” என்றார்.

போகட்டும், முகத்தையாவது வரைவோம் என்று அலகில் ஆரம்பித்தேன். வரைய வரைய மொண்ணையாகவே வந்தது. அழித்து அழித்து வரைந்தேன். கை நடுங்குகிறது போலிருக்கிறது, வயதாகிவிட்டது என்று என்னையே நொந்துகொண்டேன். மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, நான் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். கோழிக்குத்தான் பாதி அலகு இல்லை.

“இது என்னப்பா?” என்றேன்.

“குஞ்சா இருக்கும்போதே சூடான பிளேடுல நறுக்கிடுவாங்க சார். இல்லேன்னா ஒண்ணையொண்ணு கொத்திக்கும்.”

“எதுக்குக் கொத்துது?”

“நெருக்கடி சார். அதுக்கும் வெறி பிடிக்குமில்ல?”

“அப்ப நெருக்கடியைக் குறைக்கலாமே?”

“அலகைக் குறைக்கறது சுலபம் சார்” என்றார். கிண்டலில்லை. நல்ல மனுஷன்தான். எனக்கு மோர் வாங்கி வரட்டுமா என்றுகூடக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. எல்லாம் பெட்டையாக இருக்கிறதே, சேவல் குஞ்செல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். “அது இங்க வராது சார். முட்டையும் போடாது, சதையும் பிடிக்காது. பொரிச்ச அன்னிக்கே பொரிக்கிற எடத்துலேயே மெஷின்ல போட்டுருவாங்க, பிரச்சனை இல்லை” என்றார். மெஷின் என்றால் என்ன மெஷின் என்றேன். அரைக்கிற மெஷின் என்றார். உயிரோடா என்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் அவர் பிரச்சனை இல்லை என்று சொல்லவில்லை.

வரைந்தது போதும் என்று வெளியே வந்தால், கொட்டகைக்குப் பின்னால் லாரி நிற்கிறது. முட்டை குறைந்துபோன கோழிகளை வெட்டுகிற இடத்துக்கு ஏற்றுகிறார்கள். ஒரு காலைப் பிடித்துக் கூண்டிலிருந்து இழுக்கிறார்கள், கை கொள்ளுகிற மட்டும் தலைகீழாகச் சேர்த்துப் பிடித்துப் பெட்டிக்குள் வீசுகிறார்கள். நடுநடுவே பென்சில் முனை உடைகிற மாதிரி ஒரு சத்தம். என்ன அது என்று பார்த்தால் எலும்பு. உடம்பில் இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஓடு ஓடாக உங்கள் முட்டையில் போய்விட்டது, எலும்பில் என்ன மிச்சம் இருக்கும்? அதில் ஒரு கோழி பெட்டியில் விழாமல் தரையில் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, கால் மடங்கிக்கொண்டது. யாரும் திரும்பவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அதைத் தூக்கி வெள்ளை உடுப்புக்குள் விட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டேன். ஆம் மாப்பிள்ளை, உங்கள் மாமனார் உங்கள் பண்ணையில் கோழி திருடினார். போலீசில் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் அவர்களிடம் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நெஞ்சுக்குள் ஒரு கோழி துடிக்க, நான் ஒன்றும் தெரியாதவன் போல வாசலை நோக்கி நடக்கிறேன், எதிரே ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. உங்களிடம் முட்டை வாங்க வந்த, ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்காரர்கள். கோட்டும் சூட்டுமாக இரண்டு ஆண்கள், ஒரு அம்மாள். பிரச்சனையில்லைக்குத் தலைகால் புரியவில்லை. என் வெள்ளை உடுப்பைப் பார்த்தார், பளிச்சென்று ஒரு யோசனை வந்துவிட்டது. “இவர்தான் எங்க கால்நடை டாக்டர்” என்று அறிமுகம் செய்துவிட்டார். அந்த அம்மாள் மிகுந்த மரியாதையோடு, “டாக்டர், இங்க கோழிங்கல்லாம் சந்தோஷமா இருக்கா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கழுத்தருகே ஜிப்பை விலக்கிக்கொண்டு கோழி தலையை நீட்டியது. கழுத்தில் ஒரு இறகுகூட இல்லை. அரை அலகு. “இதோ இருக்கு, நீங்களே கேளுங்கம்மா” என்றேன். உள்ளே பார்த்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே ஒப்பித்தேன். அறுத்துப்போட்ட அலகு, அரைத்துப்போட்ட குஞ்சு, உடைந்த கால் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் உயர்ந்து லாரிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மூவரும் முகம் வெளிறிப்போய் நின்றார்கள். அந்த அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ பாவம், பாவம்” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் மூவரும் அலுவலகத்துக்குள் போய்த் தேநீர் குடித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக நானும் கோழியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதே வெள்ளை உடுப்போடு பஸ் ஏறினேன், பக்கத்தில் உட்கார்ந்தவர் நாற்றம் தாங்காமல் எழுந்து போய்விட்டார். வீட்டில் உங்கள் அத்தை, “மாப்பிள்ளை வீட்டுலேருந்து ஒரு பொருளைத் தூக்கிட்டு வரலாமா? நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?” என்று குதித்தாள். கோழியைக் குளியலறையில் விட்டேன். கம்பியில் நின்றே பழகிய கால், சமமான தரையில் எப்படி வைப்பது என்று தெரியாமல் படுத்தபடியே நல்ல காலை நீட்டி நீட்டிப் பார்த்தது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். நிஜ டாக்டர். குச்சி வைத்துக் கட்டிவிட்டு, “முட்டைக்கோழிக்குன்னு என்னை யாரும் கூப்பிட்டதே இல்லையே சார்” என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுநாள், குதித்த அதே உங்கள் அத்தை, பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு ஒரு பேசின் மணல் வாங்கி வந்து வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “தெரியல, வைக்கணும்னு தோணிச்சு” என்றாள். அந்தக் கோழி மணலில் சரிந்து படுத்து, இறக்கையை விரித்து, மேலெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? குளியலறை பூராவும் மணல், சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது, நாங்கள் இருவரும் கொல்லைப்புறக் குழாயடியில் வாளி வைத்துக் குளித்தோம். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை அவள். அந்த வார முடிவில் முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு கோழி இறந்துபோனது. அவள் மடியில்தான் இறந்தது. உங்கள் அத்தை அன்றைக்குச் சமைக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலை ஏணியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு உங்கள் சுவருக்கு வந்தேன். பச்சைப் புல்லும் சூரியனும் நீங்கள் சொன்னபடியே வரைந்தேன். நடுவில் நான் பார்த்த கோழியைப் பார்த்தபடி வரைந்தேன். சிரிப்பதற்கு அலகு வேண்டாமா மாப்பிள்ளை? அதைத்தான் நீங்கள் முன்னாடியே நறுக்கிவிட்டீர்களே! உத்தேசமாக வரைய எனக்கு வராது. வெள்ளையடிக்க ஆள் அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். நன்றாக அடியுங்கள்.

முடிவாகச் சொல்கிறேன். இனி என் வீட்டு வாசலை நீங்கள் மிதிக்க வேண்டாம். என் மகள் வரட்டும். எறும்பு ஊர்ந்தால்கூட ஒதுங்கிப் போகிற பெண் அவள். நீங்கள் செய்கிற காரியம் தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவளிடம் இதைக் காட்டித் தொலைக்காதீர்கள். கல்நெஞ்சு, பேராசை, மனசாட்சியற்ற ஜென்மம் என்று இன்னும் சில வார்த்தைகள் இருக்கின்றன. மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காக அவற்றை எழுதவில்லை.

நீண்ட ஆயுளும் குறையாத செல்வமும் பெற்று, நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் திரும்பிப் படுத்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அடங்காத கோபத்துடன்,
உங்கள் மாமனார்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை என் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். நான் வாங்கிப் பேசினேன். “அப்பா, அவரை எதுக்குத் திட்டறீங்க? அவர் அந்தக் கொட்டகைக்குள்ள ஒரு தடவைதான் போனாரு, மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. வெறும் படத்தைப் பாத்துக்கிட்டு விளம்பரம் பண்றவர்ப்பா அவர். கூண்டு வாங்கினது நான். கூண்டுக்கு இன்னும் ஒரு கோழி கூட வைக்கலாம்னு சொன்னதும் நான்தான். சுவத்துக்கு வேற ஆளும் சொல்லிட்டேன், சிரிக்கிற மாதிரியே வரைவாராம்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆகவே மேலே ‘நீங்கள்’ என்று வருகிற இடங்களில் எல்லாம் தாங்கள் இல்லை என்று கொள்ளவும். அவளுக்கே மாற்றி எழுதிவிடலாம் என்று புதுத் தாளை எடுத்தேன். ‘நீங்கள்’ என்பதை ‘நீ’ என்று ஆக்கினேன், அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. உங்கள் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “எழுதிக் கிழிச்சது போதும், கிளம்புங்க. என் பொண்ணை நான் நேர்ல கேட்டுக்கறேன்” என்கிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் அங்கே வந்துவிடுவோம். கதவை நீங்களே வந்து திறந்தால் நன்றாக இருக்கும்.