எந்த மயில் என் மகள்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் யாருக்கும் சொல்லாமல் திடீரென்று ஊருக்கு வந்து நிற்கக் கூடாது. போனில் வருகிற வீடியோக்களில் அது அழகாகத்தான் இருக்கும். அப்பா பின்னாலிருந்து வந்து கண்ணைப் பொத்துவார், பிள்ளை திரும்பிப் பார்த்து அலறும், பிறகு கட்டிக்கொள்ளும், பின்னணியில் வயலின் அழும். என் விஷயத்தில் அலறல் மட்டும் சரியாக நடந்தது. (அதுவும் வேறொருவர் பிள்ளை.)

அப்போது நான் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். எங்களுக்குச் சொந்த ஊர் கொடும்பாளூர் பக்கம். ஊரில் வீடு சும்மா கிடக்க, புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எல்லாம் மகள் யாழினியின் பள்ளிக்கூடத்துக்காக. அவள் பிறந்தபோது நானும் என் மனைவி கவிதாவும் உட்கார்ந்து பேசினோம். பால் மாவு, தடுப்பூசி, துணிமணி, அப்புறம் நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் பெரிய செலவு முடிந்தது. மீதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். (சிரிக்காதீர்கள். எங்களுக்கும் அப்போது சின்ன வயதுதான்.)

எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன அன்றுதான் விஷயம் புரிந்தது. சேர்க்கைக்குத் தனி, புத்தகத்துக்குத் தனி, வேனுக்குத் தனி. சீருடை இரண்டு விதம். ஷூ கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கடைசியில் 'ஆக்டிவிட்டி' என்று ஒன்றுக்கும் வாங்கினார்கள். என்ன ஆக்டிவிட்டி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தனியாக வாங்குவார்களோ என்று பயம். அந்த மாதமே ஏஜெண்டைப் பார்த்து மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி விடுப்பும் விமான டிக்கெட்டும் தரும். வேண்டாமென்றால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். முதல் டிக்கெட் வந்த நேரத்தில்தான் பள்ளியில் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். ஆகவே அந்த டிக்கெட் யாழினியின் ஒன்றாம் வகுப்பாக மாறியது. நான் கேம்ப் அறையிலேயே இருந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அறையில் ஆறு பேர். ஆறு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு போனில் குடும்பம் நடத்துவோம். யாழினி வீடியோ காலில் வந்து தான் வரைந்த படத்தைக் காட்டுவாள், விழுந்த பல்லைக் காட்டுவாள். பிறகு சலிப்புத் தட்டி, போனை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். நான் கட் பண்ண மாட்டேன். எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். காய்கறி வண்டிக்காரரிடம் கவிதா கொத்தமல்லி கொசுறு கேட்பது கேட்கும். பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, பேனையா பாக்குறீங்க?" என்றார். "நம்ம வீட்டுப் பேன்" என்றேன். அவர் தன் போனோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யாழினி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டு விழாவில் மயில் நடனம் என்றார்கள். மயில் உடைக்கு வாடகை, மேக்கப்புக்கு, டான்ஸ் மாஸ்டருக்கு என்று மூன்று தடவை பணம் அனுப்பினேன். செலவைச் சமாளிக்கக் கவிதாவும் ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் போனில் சொன்னாள்:

"அன்னைக்கு எனக்கு லீவு தரமாட்டேங்குறாங்க. ஏழு மணிக்கு மேலதான் பெர்மிசன். அதுக்குள்ள புள்ள ஆடி முடிச்சிரும். பாக்குறதுக்கு நம்ம வீட்டு ஆளு ஒருத்தருகூட இருக்க மாட்டோம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இரண்டாவது டிக்கெட் கைக்கு வருகிற நேரம் அது. இந்தத் தடவை பணம் வேண்டாம், டிக்கெட்டே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. இங்கேதான் அந்த வயலின் வீடியோக்கள் என் புத்தியைக் கெடுத்தன.

பக்கத்துக் கட்டில்காரர் தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்தார். அவர் என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர். தலைக்கு மை அடித்தேன். (நெற்றிக்கும் கொஞ்சம் போனது.) கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். ஐந்து வயதுப் பிள்ளை அளவுக்கு ஒரு கரடி பொம்மை வாங்கினேன். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய் இறங்கினேன்.

விழா தொடங்கியிருந்தது. பின்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தன. ஒன்றில் நானும் மற்றதில் கரடியும் உட்கார்ந்தோம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு அம்மா வந்து கரடியைக் காட்டி, "இங்கிட்டு ஆள் வருதா?" என்று கேட்டார். ஆள் வராது என்று சொல்ல எனக்கு ஏனோ மனசில்லை. "வருவாங்க" என்றேன்.

மயில்கள் மேடைக்கு வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நீல முகம், ஒரே அலகு, ஒரே தோகை. இதில் நம்முடையது எது என்று ஒரு நிமிடம் திகைத்தேன். முன்வரிசை நடுவில் ஒரு மயில் பிரமாதமாக ஆடியது. பிரமாதமாக ஆடுவதால் அது என் மகளாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். எழுந்து நின்று கை தட்டினேன். "யாழினி!" என்று கத்தினேன். முழு ஆட்டத்தையும் போனில் படம் பிடித்தேன். அந்த ஒரு மயிலை மட்டும்.

ஆடி முடித்து மயில்கள் பக்கவாட்டுப் படியில் இறங்கின. நான் கரடியோடு ஓடினேன். பின்னாலிருந்து என் மயிலின் கண்ணைப் பொத்தி, "யாருன்னு சொல்லு பாப்போம்?" என்றேன். அப்படியே தூக்கிவிட்டேன்.

மயில் வீறிட்டது. "அப்பாஆஆ!"

"ஆமாடா தங்கம், அப்பாதான்!" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் கூப்பிட்டது என்னை அல்ல. மூன்றாவது வரிசையிலிருந்து கதவு அகலத்தில் ஒருவர் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எலேய், புள்ளைய எறக்கி விடு! யார்ரா நீ?"

கோட்டுக் காலரை அவர் பிடிக்க, கையைப் பி.டி. மாஸ்டர் பிடிக்க, கோட்டின் ஒரு கை தோளோடு பிரிந்து வந்தது. யாரோ "புள்ள பிடிக்கிறவன்" என்றார்கள். கரடி பொம்மையும் சந்தேகத்துக்குரிய பொருளாகக் கைப்பற்றப்பட்டது. எங்கள் இருவரையும் பிரின்சிபல் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

பிரின்சிபல் மேடம் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒங்க பொண்ணு எந்த செக்‌ஷன்?"

"ரெண்டாவதுங்க மேடம். ஏ-யோ, பி-யோ..."

"கிளாஸ் டீச்சர் பேரு?"

"பீஸ் கட்டுறது நான்தாங்க மேடம்."

"பீஸ் யாரு வேணா கட்டலாம் சார்."



கவிதாவுக்குப் போன் போட்டார்கள். வேலை நேரத்தில் ஜவுளிக்கடையில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதில் என் பெயர் இருந்தது, என் மகள் பெயர் இல்லை. கடைசியில் கிளாஸ் டீச்சர் யாழினியையே கூட்டி வந்தார். அலகை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். பின்வரிசையில் ஓரமாக நின்று ஆடிய மயில். அத்தனை நேரத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்க்காத மயில்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். டீச்சர் குனிந்து கேட்டார்:

"யாழினி, இவங்க யாருன்னு தெரியுதா?"

அவள் டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"எங்கப்பா மாதிரியே இருக்காங்க மிஸ். ஆனா எங்கப்பா இல்ல. எங்கப்பா ஒசரமா இருப்பாங்க."

குழந்தையின் மேல் தப்பில்லை. அவள் பார்த்ததெல்லாம் போன் திரை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும் முகத்தைத்தான். மிச்ச உடம்பை அவளே நல்ல அளவில் செய்து வைத்திருந்தாள். என்னை அழைத்து வந்த கதவு அகலக்காரர், முருகேசன் என்று பெயர், முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார்.

பிரின்சிபல் தன் போனை எடுத்தார். "வீட்டுக்கு வீடியோ கால்தான பண்ணுவீங்க? என் நம்பருக்குப் பண்ணுங்க" என்றார். பி.டி. மாஸ்டர் என் போனில் பள்ளி வைஃபையைப் போட்டுக் கொடுத்தார். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் கால் போட்டேன். மணி அடித்தது. பிரின்சிபல் தன் போனை யாழினி கையில் கொடுத்தார்.

"தங்கம், சாப்ட்டியாடா?" என்றேன். வேறு எதுவும் பேசத் தெரியவில்லை. நாலு வருடமாக அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

அவள் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. "அப்பா!" என்றாள், போனைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா, இங்க ஒருத்தர் வந்திருக்காங்க. ஒங்கள மாதிரியே இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க எப்பப்பா வருவீங்க?" என்றாள்.



"வந்துட்டேன்டா" என்றேன்.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். என் தலைக்குப் பின்னால் சுவரில் பள்ளிக்கூடக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. "நீங்களும் எங்க பிரின்சிபல் மேடம் ரூம்லயா இருக்கீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மெல்லத் தலையைத் தூக்கினாள்.

ஓடி வந்து கட்டிக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு முழம் தள்ளி நின்று, பிரிந்த கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்தாள். "கிழிஞ்சிருக்கு" என்றாள். போனை மட்டும் கையிலிருந்து விடவில்லை. கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஏழு மணிக்குப் பெர்மிசன் கிடைத்து, போனில் பள்ளிக்கூட நம்பரைப் பார்த்துவிட்டு, கவிதா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கதவில் நின்று என்னைப் பார்த்தாள், கிழிந்த கோட்டைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. நாலு வருடம் கழித்து நேரில் பார்த்த புருசனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்ல கவிதா, லீவுதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நாற்காலியில் இருந்த கரடியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

முருகேசன் தன் வண்டியில் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவர் விடியுமுன் கட்டுமாவடிக்குப் போய் மீன் எடுத்துவந்து புதுக்கோட்டையில் விற்கிறவர். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே என் சூட்கேஸ் வந்தது. யாழினி அம்மா மடியில் அரைத்தூக்கத்தில் இருந்தாள். அவருடைய மகள் முன் இருக்கையில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பி என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் சூட்கேஸை இறக்கும்போது முருகேசன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மனசுல வச்சுக்காதீங்க. நான் கெளம்புறப்ப எம்புள்ள தூங்கும். திரும்பி வாரப்ப பள்ளியோடத்துக்குப் போயிருக்கும். ராத்திரி நான் தூங்கிருவேன். மேடையில எது எம்புள்ளன்னு எனக்கும் தெரியலங்க. அது அப்பான்னு கத்தவுந்தான் தெரிஞ்சிச்சு."

சொல்லிவிட்டு, ஒரு வஞ்சிர மீனைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

விடுப்பு முடிவதற்குள் யாழினி என்னோடு பழகிவிட்டாள். பழகியதும் நான் கிளம்பினேன். மூன்றாம் வகுப்புக்கு மறுபடியும் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். கடைசியாக நான் வேலையை விட்டுவிட்டு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடை போட்டபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், என்னைவிட ஒசரமாகியிருந்தாள். மயில் நடனம் ஆடிய பிள்ளைக்கு டியூஷனும் லேப்டாப்பும் கல்லூரியும் தேவைப்பட்டன. பதினெட்டு வயது ஆகிவிட்டால் செலவு முடியும் என்று இப்போது நானும் கவிதாவும் பேசிக்கொள்வதில்லை. ஒரு தடவை ஏமாந்தது போதும்.

போன வருடம் கோயம்புத்தூரில் அவளை விடுதியில் சேர்க்கப் போனோம். விடுதி வார்டன் என்னைக் காட்டி, "இவங்க யாரும்மா?" என்று கேட்டார். யாழினி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "எங்கப்பா மாதிரியே இருக்காங்க மேடம்" என்றாள். கவிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வார்டன் சிரிக்கவில்லை, என்னிடம் ஆதார் அட்டையைக் கேட்டார். வீட்டில் இந்தப் பேச்சு வராத நாளில்லை. நான் கதவைத் தட்டினால், "அப்பா மாதிரியே ஒருத்தர் வந்திருக்காங்கம்மா" என்றுதான் அவள் திறப்பாள். சொந்தக்காரர்கள் விசேஷங்களில் என் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்குமுன் அடையாளம் கேட்பார்கள்.

அன்று பெட்டியை விடுதி அறையில் வைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். யாழினி கேட் வரைக்கும் வந்தாள். கவிதா முன்னால் போய்விட, அவள் என் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஊருக்குப் போயிச் சேந்தவுடனே வீடியோ கால் போடுங்கப்பா. அப்பத்தான் வந்துட்டுப் போனது நீங்கதான்னு நம்புவேன்."

"சரிடா" என்று சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். ஊர் போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை. சூலூர் தாண்டுவதற்குள் போட்டுவிட்டேன்.