ஆரஞ்சு வெளிச்சமும் அரை சீசா பாதாமும்

தைரியசாலிகளால் உலகத்துக்குப் பெரிய தொல்லை கிடையாது. வருவது வரட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள்தான் எதற்கும் இருக்கட்டும் என்று முன்னேற்பாடாக எதையாவது செய்து, இல்லாத ஆபத்தைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வருவோம். நான் செய்த ஒரு முன்னேற்பாட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த அத்தனை பேரும் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். (முதல் ஆளாக ஓடியது நான்.)

விஷயம் என் தங்கை கவிதாவின் கல்யாணம். எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். நான் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். கவிதா படிப்பு முடிந்ததும் இங்கேயே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பிரபுவை அவளுக்குப் பிடித்துப்போனது. பிரபுவின் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா தங்கவேல் மட்டும், "வந்து பாக்கறேன். பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன்" என்று நிறுத்திவிட்டார். அவர் வேண்டாம் என்றால் அவரை மீறி வர முடியாது என்று பிரபு கவிதாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தான். அதைக் கேட்டுவிட்டு வந்து அவள் அழுத அழுகையை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா ஊரில் படுத்த படுக்கை, அம்மாவால் அவரை விட்டு நகர முடியாது. ஆகவே பெண் வீட்டுப் பெரிய மனுஷியாக நிற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தங்கவேல் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம். இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பிளேட்டிங் ஷாப்பில் அவர் சூப்பர்வைசர். கையுறை இல்லாமல் ஒரு ஆள் நின்றால் லைனையே நிறுத்திவிடுவாராம். மேனேஜர் வந்து கத்தினாலும் அசைய மாட்டாராம். அப்படிப்பட்டவர் எங்கள் ஹாலில் வந்து உட்காரப்போகிறார். எங்கள் ஹாலிலோ ஒரு டியூப்லைட். அதன் கீழே யார் உட்கார்ந்தாலும் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தெரிவார்கள். அந்த வெளிச்சத்தில் கவிதாவைப் பார்த்தால் பெண்ணுக்கு ரத்தசோகை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. ஒரு பெண்மணி தேன் குழைத்த குரலில் பேசினார். வெளிச்சத்தையும் வாசனையையும் ஜோடி சேர்க்க வேண்டுமாம். அஸ்தமன நேரத்து ஆரஞ்சு நிற விளக்கு, அதோடு இதமான இனிப்பு வாசனை. இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்கு ஒரு மூட் வருமாம், வந்தவர்கள் மனசு இளகிவிடுமாம். இளக வேண்டிய மனசு ஒன்று வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே என்று உடனே ஆர்டர் போட்டேன். போனில் தொட்டால் நிறம் மாறும் பல்பு மூன்று. தண்ணீரில் வாசனை எண்ணெய் விட்டால் புகை புகையாக வெளியே விடும் டிஃப்யூசர் ஒன்று.

எந்த வாசனை என்பதில் நான் காட்டிய புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். லாவெண்டர் தரை துடைக்கிற நினைப்பைத் தரும். ரோஜா என்றால் மாலை போட்ட போட்டோ ஞாபகம் வரும். எலுமிச்சை பாத்திரம் தேய்க்கிற சோப்பு. பாதாம்தான் சரி என்று முடிவு செய்தேன். நெய் விட்டு பாதாம் அல்வா கிளறுகிற வீடு என்றால் எந்த மாமனாருக்குத்தான் பிடிக்காது?

"நாலைந்து சொட்டு போதும்" என்று சீசாவில் போட்டிருந்தது. விட்டேன். ஒரு வாசனையும் தெரியவில்லை. ஓசூர்க் குளிரில் எனக்குப் பத்து நாளாக ஜலதோஷம், மூக்கு அடைத்துக் கிடந்தது என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் விட்டேன். இன்னும் கொஞ்சம். அரை சீசா காலியானபோது கவிதா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, என்ன இது? பேக்கரிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"நல்லாத்தான இருக்கு? நீ போய் தலையப் பின்னு. நான் கூப்பிடுற வரைக்கும் கதவத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பதற்றம் தெரியாமல் இருக்க காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பிரபு தன் அப்பா அம்மாவோடு வந்தபோது வானம் மூடியிருந்தது. நான் திரைச்சீலைகளையும் இழுத்துவிட்டிருந்தேன். தங்கவேல் முழுக்கைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்தார். அவரை சம்பந்தி என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை, மாமா என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வாங்க சார்" என்றேன், இன்டர்வியூவுக்கு வந்தவள் போல. போனைத் தொட்டேன். ஹால் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் பரவியது. மூலையில் டிஃப்யூசர் புஸ்ஸென்று புகையைக் கிளப்பியது.

"அட, அழகா இருக்குதே!" என்றார் பிரபுவின் அம்மா மாதம்மாள். எனக்கு உயிர் வந்தது.

தங்கவேல் மூக்கைச் சற்றுத் தூக்கி மூச்சை இழுத்தார். தலையைத் திருப்பி மறுபடி இழுத்தார். ஆகா, பாதாமைக் கண்டுபிடித்துவிட்டார், மனசு இளக ஆரம்பித்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பார்த்து, கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். (என் ஊகங்களை யாரும் எதற்கும் நம்ப வேண்டாம்.)

அந்த நேரம் பார்த்து என் கணவர் கடையிலிருந்து போண்டா பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தார். "ஏன் இப்பிடி இருட்டா இருக்கு?" என்று கேட்டபடி பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சைத் தட்டினார். அணைந்து எரிந்தது, அதே ஆரஞ்சு. மறுபடி தட்டினார். மறுபடி. அந்தப் பல்புகளை மூன்று தரம் அப்படித் தட்டினால், போனோடு புதிதாக இணைக்கச் சொல்கிறார்கள் என்று அவை எடுத்துக்கொள்ளும். மூன்றும் ஒரே சமயத்தில் பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பித்தன.

தங்கவேல் துள்ளி எழுந்தார்.

"சுவிட்சைத் தொடாதீங்க! வெளிய! எல்லாரும் வெளிய போங்க! மூக்கைப் பொத்துங்க!"

அந்தக் குரலுக்கு முன்னால் யோசிக்க முடியாது. ஏன், எதற்கு என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, காலில் இடித்த நாற்காலியைத் தள்ளிவிட்டு, மாடிப்படியில் இறங்கினேன் என்பதைவிட உருண்டேன் என்பதே பொருத்தம். என் தொண்டை எரிந்தது. கண் கரித்தது. கால் மரத்துப்போவது போல இருந்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நானே ஊற்றி, நானே பற்றவைத்த மூட் அது என்பது மட்டும் துளியும் உறைக்கவில்லை.

கீழே வந்ததும் தங்கவேல் துணி காயப்போட்ட கொடியைப் பார்த்தார். "அந்த லுங்கி எந்தப் பக்கம் ஆடுது பாருங்க. காத்து அந்தப் பக்கம் போவுது. எல்லாரும் எதிர்ப் பக்கம் போங்க, வாட்டர் டேங்க் கிட்ட!" பக்கத்து வீட்டுக் கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டே ஓடினார். ஜனம் வெளியே வந்தது. வேறு ஊராக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருப்பார்கள். எங்கள் காம்பவுண்டில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்காரர்கள். மாக் டிரில் என்ற ஆபத்துக்கால ஒத்திகையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். டேங்க் பக்கத்தில் யாரும் சொல்லாமலே இரண்டு வரிசையாக நின்றார்கள். வீட்டு ஓனர் சரோஜம்மா கையில் டிவி ரிமோட்டோடு "ஏமைந்தி? ஏமைந்தி?" என்று, என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் போண்டாவை விடவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றான் பிரபு.

தங்கவேலுக்கு மூச்சு வாங்கியது. "சயனைடுடா. பிளேட்டிங் தொட்டியில ஆசிட் கலந்துட்டா இந்த வாசம்தான் வரும். பாதாம் வாசம். பக்கத்துல எவனோ திருட்டுத்தனமா பட்டறை போட்டிருக்கான். எங்க ஷாப்லயும் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னா ஆரஞ்சு லைட்டுதான் இப்படி மின்னும். அதைப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு."

பாதாம் வாசம். எரிந்துகொண்டிருந்த என் தொண்டை அந்த நிமிஷமே சரியாகிவிட்டது. அதற்குப் பதில் வேறொரு பயம் உச்சந்தலையிலிருந்து இறங்கியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

அதற்குள் தங்கவேல் விரலை நீட்டி ஆட்களை எண்ண ஆரம்பித்திருந்தார். எங்கள் வீட்டு ஆட்களிடம் வந்ததும் நின்றார். "பொண்ணு எங்க?"

நான் மாடியை நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை டேங்க் குழாயில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு படியேறிவிட்டார். "அப்பா!" என்று பிரபு பின்னால் ஓடினான். "அங்கயே நில்லு! ஒருத்தர் போனா போதும்!" என்று அதட்டியபடி உள்ளே மறைந்தார்.

மாதம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்ன வேலை பாத்த எடத்துல இப்படித்தாம்மா ஒரு தடவ கேஸ் அடிச்சிருச்சு. எல்லாரும் வந்துட்டாங்கன்னு நெனச்சிட்டாங்க. கூட வேலை செஞ்சவரு ஒருத்தரு உள்ளயே நின்னுட்டாரு. அதுல இருந்து இவரு எங்க போனாலும் ஆளை எண்ணுவாரு. கல்யாண வீட்டுப் பந்தியில கூட எண்ணுவாரு."

அன்றைக்கு நான் பட்ட பயங்களிலேயே அதுதான் பெரிது. உள்ளே விஷம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். உள்ளே விஷம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அந்த மனிதர் போயிருக்கிறார். தான் இன்னும் சரி என்றுகூடச் சொல்லாத ஒரு பெண்ணுக்காக. அந்த அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கவிதாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். பாதி பின்னிய ஜடை, ஒரு காதில் தொங்கும் ஒயர். ஈரத் துண்டு இப்போது அவள் முகத்தில் சுற்றியிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இருமி இருமி டேங்க் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். "சார்... அது கேஸ் இல்ல. பாதாம். நான்தான்."

"என்னது?"

"வாசனை எண்ணெய். ஒரு மிஷின் வச்சேன். லைட்டும் நான்தான் போட்டேன். ஒரு மூட் வரட்டும்னு..."

"என்ன மூட்?"

இரண்டு வரிசையும் என்னையே பார்த்தது. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"எத்தனை சொட்டு விட்டீங்க?"

"அரை சீசா."

அவர் என்னைப் பார்த்தார். கையுறை போடாத ஆளைப் பார்க்கும் பார்வை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் போயிற்று. எழுந்து வண்டியை எடுப்பார், தன் வீட்டைப் பார்க்க உத்தனப்பள்ளி ரோட்டில் போய்விடுவார், கவிதா இனி என்னோடு பேச மாட்டாள். என் கணவருக்கு என்ன தோன்றியதோ, பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினார். "சார், போண்டா. இன்னும் சூடாத்தான் இருக்கு."

தங்கவேல் ஒன்றை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். கடித்தார். மென்று முடிக்கும்வரை காம்பவுண்டே காத்திருந்தது.

"மாதம்மா," என்றார் மனைவியிடம். "உள்ள போய்க் கையைப் புடிச்சா, இந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு தெரியுமா? 'எங்க அக்கா வெளிய போயிட்டாளா'ன்னு கேட்டுச்சு. நான் போயிட்டாங்கன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குது. படி எறங்கற வரைக்கும் சமையல்கட்டைத் திரும்பித் திரும்பிப் பாக்குது." இன்னொரு போண்டாவை எடுத்துக்கொண்டார். "இதுக்கு மேல என்னத்தைப் பாக்கறது? நாள் குறிச்சிரலாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் ஒரு சேஃப்டி டிரெய்னிங் எடுத்துக்கங்க" என்றார்.

கவிதா என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். ஆனால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. வெளியே ஓடிவந்தபோது நான் கவிதா எங்கே என்று நினைக்கவே இல்லை. என் மூக்கு, என் முந்தானை, அவ்வளவுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. (பந்தியில் இனிப்பு கேசரி. பாதாம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.) இப்போது கவிதாவின் மகளுக்கு மூன்று வயது. தாத்தா சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். எங்கள் இரண்டு வீடும் எப்போது கூடினாலும் அவளுக்கு ஒரே விளையாட்டுதான். ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கவிதா உள்ளே மாட்டிக்கொண்ட பெண்ணாக நடிப்பாள், பிரபு வாட்டர் டேங்க், என் கணவர் போண்டா கொடுப்பார். போன தீபாவளிக்கு, எனக்கும் ஒரு நாள் காப்பாற்றுகிற வேஷம் கொடுக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ முடியாது பெரியம்மா," என்றாள் குழந்தை. "கட்டிலுக்கு அடியில போ."

போனேன். நாற்பது வயதில் முட்டி வலிக்க வலிக்கக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் குடும்பத்தில் விஷ வாயு நான்தான்.