முப்பத்தேழு கேட் பாஸ்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாட் சர்வர், தன் சொந்த செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கத் தனக்கே அனுமதி இல்லாமல் முடங்கிக் கிடந்தது. அதை அப்படி முடக்கியவர் இன்பசேகரன். திரும்ப எழுப்புவது எப்படி என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என்பது நாற்பத்து நாலு வயது இன்பசேகரனும் ஒரு ஏ.சி.யும். ஏ.சி. சர்வருக்காக. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கம்பெனியின் தோல் ஷாப்பில், தோல் அளக்கும் மெஷினில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். அந்த மெஷினிலும் நம்பர் வருகிறது, கம்ப்யூட்டரிலும் நம்பர் வருகிறது என்ற தகுதியில் இங்கே மாற்றப்பட்டவர். மற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்து அவரே கற்றுக்கொண்டது.

பிரச்சினை இதுதான். 2007-ம் வருஷம் பாதி தாண்டுவதற்குள் கம்பெனியின் மூன்று புது டிசைன்கள், இவர்கள் காட்டுவதற்கு முன்பே வேறு கம்பெனி பெயரில் வெளிநாட்டு வியாபாரியின் மேஜைக்குப் போய்விட்டன. உள்ளே யாரோ திருடுகிறார்கள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. முதலாளி மக்பூல் அகமது இத்தாலி தோல் கண்காட்சிக்குக் கிளம்பும்போது காரில் ஏறிக்கொண்டே சொன்னார்:

"நாலாவதும் போச்சுன்னா கம்ப்யூட்டர் வேலையை மெட்ராஸ் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன் இன்பா. நீ தப்பா நினைக்காத."

இன்பசேகரன் தப்பாக நினைக்கவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. தோல் ஷாப்பில் பழைய இடம் காலியாக இருக்கிறதா என்று போன் போட்டு விசாரித்தார். அந்த நாற்காலியில் வேறொருவர் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

அதே சமயத்தில் ஜெனரல் மேனேஜர் ஆல்வின், சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்த இரண்டு நாள் செமினாருக்குப் போய், ஒரு தோள்பை, ஒரு பேனா, ஒரு வாக்கியம் ஆகியவற்றோடு திரும்பியிருந்தார். பை ரெக்சின். வாக்கியம், 'மேன்டேட்டரி ஆக்ஸஸ் கன்ட்ரோல்'. அதை மீட்டிங்கில் மூன்று தடவை சொன்னார். டீ கொண்டுவந்தவரிடமும் ஒரு தடவை சொன்னார்.

"அமெரிக்காக்காரன் உளவுத்துறையே இதைத்தான் வெச்சிருக்கான், மிஸ்டர் இன்பசேகரன். டிசைன் படமெல்லாம் போற நம்ம சாட் சர்வருக்கும் போடுங்க. வியாழக்கிழமை பாய் வர்றப்போ ரெடியா இருக்கணும்."

சர்வரில் இருந்த லினக்ஸில் அது ஏற்கெனவே எஸ்.ஈ. லினக்ஸ் என்ற பெயரில் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நாள் படித்ததில் இன்பசேகரனுக்கு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று எழுதி வைத்திருந்தால்தான் தொடலாம். எழுதவில்லையா, பாஸ்வேர்டு தெரிந்த பெரிய ஆளே வந்தாலும் கையை எடு. இது கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் கோவிந்தசாமி. முதலாளியின் காரில் இருந்த முதலாளியின் ஷூவையே கேட் பாஸ் இல்லையென்று இறக்கி வைத்தவர் அவர்.

லேபிளும் புதிதல்ல. தோல் ஷாப்பில் தோலுக்கு லாட் நம்பரை மையில் எழுத மாட்டார்கள், ஓட்டையாகக் குத்துவார்கள். சுண்ணாம்பில் போட்டாலும் சாயத்தில் போட்டாலும் அது போகாது. எந்த ஷாப்பில் குத்தினார்களோ அந்த ஷாப்பின் தோல்தான் அது, எங்கே போனாலும்.

இது தெரிந்தும் இன்பசேகரன் மாட்டிக்கொண்டார். செட்டிங்ஸ் ஃபைலைச் சனிக்கிழமை தன் ஃபோல்டரில் வைத்து எழுதி, அப்படியே சர்வர் ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தார். லேபிளும் கூடவே நகர்ந்து வந்துவிட்டது: இன்பசேகரன் வீட்டுச் சாமான். அடுத்தவர் வீட்டுச் சாமானை சாட் சர்வர் தொடக் கூடாது. கண்டுபிடித்து லேபிளை மாற்ற பதினொன்றரை ஆயிற்று.

சர்வர் எழுந்தது. ஆனால் யாராலும் உள்ளே வர முடியவில்லை. பாஸ்வேர்டு பட்டியலையும் அவர் அதே மாதிரிதான் நகர்த்தியிருந்தார். ஒரு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத கம்ப்யூட்டர் ரூமில் நாற்பது பேர் வந்து நின்றார்கள். பாதிப் பேர் ஏ.சி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்கள்.

பட்டியலைச் சரிசெய்தார். எல்லோரும் உள்ளே வந்தார்கள், தட்டினார்கள், 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. எதுவும் போகவில்லை. வந்த செய்தியை எழுதி வைக்கிற இடத்தில் எழுத சர்வருக்கு அனுமதி இல்லை. இது சாயங்காலம் வரை யாருக்கும் தெரியாது. சாம்பிள் செக்‌ஷன் ஷர்மிளா, கட்டிங் சூப்பர்வைசர் கவுஸ் பாஷாவுக்கு அனுப்பிய செய்தி அதற்குள் எங்கோ சமாதியாகியிருந்தது. ஷூவும் பிரவுன், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கும் பிரவுன், கறுப்பு வேண்டாம் என்பது செய்தி. நாலரை மணிக்கு ஷர்மிளா நேரில் போனபோது கவுஸ் பாஷா முன்னூறு ஜோடிக்குக் கறுப்பு நாக்கு வெட்டி அடுக்கி வைத்திருந்தார்.

"இன்னா மேடம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் அவர் வருத்தமாக.

பாதுகாப்பின் அவசியம் பற்றி ஆல்வின் அன்று மத்தியானம் எல்லோருக்கும் அனுப்பிய ஒன்றரைப் பக்கச் செய்தியும் போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி மட்டும் புகார் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஓட்டையை அடைத்தார். அடைத்ததும் வேறு இரண்டு திறந்தன, அல்லது மூடின. சாட்டில் வரும் எல்லோருடைய பேச்சையும் தினமும் தன் லேப்டாப்புக்கு நகல் எடுத்துக்கொள்வது ஆல்வினின் வழக்கம். அன்றைக்கு அது நடக்கவில்லை. எல்லாக் கதவையும் திறக்கும் பெரிய பாஸ்வேர்டைப் போட்டார். அதற்கும் நடக்கவில்லை. நேரில் வந்தார்.

"நான் ஜி.எம்."

"எனக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியல."

"சொல்லுங்க அதுகிட்ட."

"சொன்னா கேக்கற டைப்பு இல்ல சார் அது. எழுதிக் குடுக்கணும்."

தான் யார் என்று ஒரு இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய நிலைமை ஆல்வினுக்கு அதுவரை வந்ததில்லை. முகம் இரண்டு சுற்று சிறுத்தது. இன்பசேகரனுக்கே பாவமாக இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஆல்வின் உட்கார்ந்த நேரத்தில் ராணிப்பேட்டை தோல் ஷாப்பிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கையில் சீட்டு. சாட் ஏன் வரவில்லை என்று அங்கிருந்து சாட்டில் கேட்டுப் பார்த்தார்களாம், பதில் இல்லையாம். கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் லைனையே புது ஏற்பாடு மொத்தமாக மூடியிருந்தது.

புதன்கிழமை புத்தகத்தின் பின்பக்கத்தில் இன்பசேகரனுக்கு ஒரு வழி கிடைத்தது. இந்தக் காவலை இரண்டு விதமாகப் போடலாம். பாஸ் இல்லாதவரை நிறுத்திவிட்டு, அதை எழுதி வைப்பது ஒரு விதம். நிறுத்தாமல் விட்டுவிட்டு, யாரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று எழுதி மட்டும் வைப்பது இன்னொரு விதம். ஒரு நாள் இரண்டாவது விதத்தில் ஓட்டினால் போதும். அந்தப் பட்டியலைக் கொடுத்தால், அதில் உள்ளவர்களுக்கெல்லாம் தானாகவே பாஸ் எழுதித் தரும் புரோகிராம் ஒன்றும் கூடவே இருந்தது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்று புத்தகம் கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தது. படிக்கத்தான் நினைத்தார்.

சாயங்காலம் பட்டியலில் முப்பத்தேழு சேர்ந்திருந்தன. பதினொன்று படித்து முடித்தபோது ஆல்வின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"முப்பத்தேழையும் படிச்சிட்டிருந்தா பக்ரீத் வந்துடும். எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

"வெளி லைன் ஒண்ணு இருக்கு சார்."

"ராணிப்பேட்டையா இருக்கும். போடுங்க."

இன்பசேகரன் போட்டார். ஒரே தட்டில் முப்பத்தேழு கேட் பாஸ். பிறகு காவலைப் பழையபடி கறாராக்கினார். ஷர்மிளாவுக்கு வந்தது, கவுஸ் பாஷாவுக்கு வந்தது, ராணிப்பேட்டைக்கு வந்தது, ஆல்வினுக்கு ஊரார் பேச்சு மொத்தமும் வந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் மனைவி ஜெயபுஷ்பம் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வேலூர் பஸ்ஸில் வந்து இறங்கியதும், செருப்பைக் கழற்றுவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். நர்ஸ் என்பதால் இந்த மாதிரி முகம் அவளுக்குப் பழக்கம்.

"இப்ப வேலை செய்யுதில்ல? அப்புறம் இன்னா?"

"அதான் பயமா இருக்கு."

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி அறையில் ஆல்வின் இருபத்திரண்டு ஸ்லைடு போட்டுக் காட்டினார். பதினெட்டாவது ஸ்லைடில் ஒரு சிங்கம் இருந்தது. இத்தாலியிலிருந்து வந்த தூக்கக் கலக்கத்தோடு மக்பூல் அகமது கடைசி வரை பார்த்துவிட்டு, கதவோரம் நின்ற இன்பசேகரனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து எவ்ளோ பேரை நிறுத்திச்சு?"

எண்ணிக்கை இன்பசேகரனுக்குத் தெரியும். பொய் சொல்ல வராது.

"ஒருத்தரையும் நிறுத்தல பாய்."

"ஜீரோ வயலேஷன்," என்று ஆல்வின் அதை மொழிபெயர்த்தார்.

முதலாளி கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, எழுந்து வந்து இன்பசேகரனின் தோளில் கை வைத்தார். மெட்ராஸ்காரனுக்கு வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுவதாகவும், இனிமேல் இது அவருடைய பொறுப்பு என்றும் சொன்னார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக இன்பசேகரனுக்குப் பசித்தது.

பாராட்டு கதவுப் பக்கம் போய்விட்டதைக் கவனித்த ஆல்வின், ஏற்பாட்டை நேரிலேயே செய்து காட்டுவதாகச் சொல்லி முதலாளியின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். இத்தாலிக்காரர்கள் ஆர்டர் கொடுக்கச் சம்மதித்திருந்த புது டிசைனின் படத்தை எடுத்தார். மேலே 'பரம ரகசியம்' என்று தட்டினார். 'எல்லோருக்கும்' என்பதை அழுத்தினார். ராணிப்பேட்டையிலிருந்து ஓகே சார் வந்தது. கட்டிங்கிலிருந்து ஓகே சார் வந்தது. பாதுகாப்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று கையை விரித்துக் காட்டினார்.

மேஜை மேல் இன்டர்காம் அடித்தது. திரையைவிட்டுக் கண்ணெடுக்காத முதலாளி ஸ்பீக்கரை அமுக்கினார். டெலிபோன் ஆபரேட்டர் பில்கிஸ் பேசினாள்.

"பாய், போன வருஷம் நம்மள விட்டுட்டு எதிர் ரோட்டு கம்பெனிக்கு டிசைன் மேனேஜரா போனாரே ஷபீ அஹமது சார், அவர் லைன்ல இருக்காரு. நம்ம சாட் அவருக்கு ரெண்டு நாளா வராம பேஜாரா இருந்துச்சாம், இப்ப ஜி.எம். சார் அனுப்பின ஷூ பளிச்சுனு வந்துடுச்சாம், சரி பண்ணவங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு."